‘புத்தகம் பார்த்து எழுதலாம்’ என்பதை நம்பி இருக்கலாமா?

கடிதத்தின் சுருக்கம்

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 37. ஒரு தனியார் நிறுவனத்தின் அலுவலகத்தில், மனிதவளப் பிரிவில் 11 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். பதவி உயர்வுக்கு உதவும் என்று தொலைதூரக் கல்வியில் தொழிலாளர் சட்டப் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். இன்னும் நான்கு வாரத்தில் இறுதித் தேர்வு. வீட்டிலிருந்தே, கணினிக் கேமராவின் கண்காணிப்பில், மூன்று மணி நேரத்தில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். புத்தகம் பார்க்கலாம். தாளில் கையால் எழுதி, படமெடுத்து, பிடிஎஃப் கோப்பாக்கிப் பதிவேற்ற அரை மணி நேரம் தனியாக உண்டு.

“பாதிப் பாடம் அலுவலக வேலையிலேயே தெரியும், மீதியைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடலாம் என்று இத்தனை மாதமும் ஓட்டிவிட்டேன்” என்கிறார். சென்ற வாரம் மாதிரி வினாத்தாளைக் கையில் எடுத்திருக்கிறார். முதல் கேள்விக்கே எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியவில்லையாம். அதோடு, பாடப் புத்தகம் பழைய சட்டங்களைச் சொல்கிறது, செய்தித்தாளோ புதிய தொகுப்புகளைச் சொல்கிறது. உடன் படிப்பவர்கள் தேர்வு நேரத்துக்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறார்கள். ஒரு தோழி, தன் வழக்கறிஞர் தம்பி பக்கத்து அறையில் உட்கார்ந்து விடை எழுதித் தருவார் என்கிறார். அலுவலகத்தில் நடந்த பாலியல் தொல்லைப் புகார் ஒன்றை விடையில் எடுத்துக்காட்டாக எழுதலாமா என்பது இன்னொரு கேள்வி. தேர்வன்று விடுப்பு கேட்டபோது, “படிப்பு உங்கள் சொந்த விஷயம்” என்று மேலாளர் மறுத்துவிட்டாராம். அதற்குச் சட்டத்தில் வழி உண்டா என்று முடிக்கிறார்.

ஆலோசனை

சகோதரி, நான்கு வாரம் போதும். அதை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் நீங்கள் நினைப்பதற்கும் நான் நினைப்பதற்கும் வேறுபாடு. புத்தகம் பார்த்து எழுதும் தேர்வில், புத்தகத்தில் இருப்பதை யாரும் கேட்கப்போவதில்லை. ‘ஆட்குறைப்பு என்றால் என்ன’ என்ற கேள்வி அங்கே வராது. ஒரு மனிதரின் கதையைப் பத்து வரியில் சொல்லி, அவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பார்கள். அவர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளரா, எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்தச் சட்டம் பொருந்தும், எங்கே போய் முறையிட வேண்டும் என்ற வரிசையில் யோசிக்கத் தெரிந்தவருக்குப் புத்தகம் உதவும். அந்த வரிசை கைவராதவருக்கு 600 பக்கப் புத்தகம் பாரம்தான். முதல் கேள்வியில் நீங்கள் திகைத்தது இதனால்தான். உங்கள் ஞாபக சக்தியில் கோளாறு எதுவும் இல்லை.

எந்தத் தேதி, எந்தச் சட்டம்

மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் 29-ஐ நான்கு தொகுப்புகளாக்கி நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2019, 2020 ஆண்டுகளில். ஊதியத் தொகுப்பு, தொழிலுறவுத் தொகுப்பு, சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, பணியிடப் பாதுகாப்பு மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு என்பவை அவை. ஐந்தாண்டுக்கு மேல் ஏட்டிலேயே கிடந்த அவற்றை 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உங்கள் பாடப் புத்தகத்தில் பணிக்கொடையின் உச்சவரம்பு 10 லட்சம் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது 2018 மார்ச் 29-லிருந்தே 20 லட்சம். ஆகவே அந்தப் புத்தகம் தொகுப்புகளுக்கு முன்பே காலாவதியானது. மகப்பேறு விடுப்பு 12 வாரம் என்று இருந்தால் அதையும் 26 என்று திருத்திக்கொள்ளுங்கள். அந்த மாற்றம் 2017-இல் வந்தது.

“எதைப் படிப்பது” என்பதற்கு இரண்டு விடை. முதலாவது, இன்றைக்கே உங்கள் கல்வி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்தப் பருவத்துக்குரிய பாடத்திட்டம் பழைய சட்டங்களா, தொகுப்புகளா, இரண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் எடுப்பவர் தனக்குத் தோன்றியதைச் சொல்வார். பின்னால் அது எதற்கும் ஆதாரமாகாது. இரண்டாவது, எந்தப் பதில் வந்தாலும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும், அது உயிரோடு இருந்த காலத்தில் உண்டான உரிமையும் பொறுப்பும் அழிவதில்லை என்பது 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம், பிரிவு 6 சொல்லும் அடிப்படை விதி. 2025 ஆகஸ்ட்டில் வேலை போனவருக்கு 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். 2026 ஜனவரியில் போனவருக்குத் தொழிலுறவுத் தொகுப்பு. எனவே கேள்வியைப் படித்ததும் பேனாவால் முதலில் வட்டமிட வேண்டியது தேதியை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை ஒரே தாளில் எதிரெதிரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வைப் பணியில் இருப்பவர் ‘தொழிலாளர்’ ஆவதற்கான சம்பள வரம்பு 10,000 ரூபாயாக இருந்தது, இப்போது 18,000. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டிய தொழிற்சாலையின் அளவு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்துவிட்டது. பணிநீக்கம் செய்யப்பட்ட தனிநபர், சமரச அதிகாரியிடம் முறையிட்டு 45 நாள் கழிந்தபின் நேரடியாக வழக்குத் தொடுக்கலாம் என்பது இரண்டிலும் உண்டு. ஆனால் அதற்கான மொத்தக் கெடு மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்காக 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதிக்கு (வேலை இழந்தவர் புதுத் திறன் கற்பதற்கான நிதி) முதலாளி செலுத்த வேண்டும் என்பது புதிது. வேலையை விட்டவருக்கோ விலக்கப்பட்டவருக்கோ சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. உங்கள் அலுவலகத்தில் ‘கணக்கு முடிக்க 45 நாள்’ என்று அச்சடித்த கடிதம் இன்னும் புழக்கத்தில் இருந்தால், அது தேர்வுக்கும் ஆகாது, அலுவலகத்துக்கும் ஆகாது.

மாநிலச் சட்டங்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தரும் 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஆகியவை அந்த 29-இல் சேர்ந்தவை அல்ல. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான், தனியாகவே நிற்கிறது.

அலுவலகத்தில் பழகியதும் சட்டம் சொல்வதும்

உங்கள் 11 ஆண்டு அனுபவம் பலம்தான். ஆனால் இந்தத் தேர்வில் மதிப்பெண்ணைக் கெடுக்கப்போவதும் அதுவாக இருக்கலாம். கடிதத்தின் நடுவே, ஏற்கெனவே தெரிந்த பாடம் என்று நான்கைந்து வரிகள் எழுதியிருந்தீர்கள். அவற்றில் மூன்று, அலுவலக வழக்கங்களே தவிரச் சட்டம் அல்ல.

‘ஐந்து ஆண்டு முடியாவிட்டால் பணிக்கொடை கிடையாது’ என்பது முதலாவது. பணியில் இறந்தாலோ உடல் ஊனமுற்று வேலையை இழந்தாலோ ஐந்தாண்டுக் கணக்கே இல்லை. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த ஆண்டும் முழு ஆண்டே என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் சொன்னது. குறித்த காலப் பணியாளர் என்றால் ஓராண்டே போதும் என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு மாற்றியிருக்கிறது. கணக்கிடும் முறையிலும் கவனம் வேண்டும். மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. ஜீவன்லால் வழக்கில் 1984-இலேயே உச்ச நீதிமன்றம் 26-ஆல் வகுக்க வேண்டும் என்று தீர்த்துவிட்டது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 26,000 ரூபாய், பணிக்காலம் 7 ஆண்டு 7 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் என்பதால் 8 ஆண்டு. 26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 15,000. எட்டு ஆண்டுக்கு 1,20,000. முப்பதால் வகுத்தால் 1,04,000தான் வரும். பதினாறாயிரம் ரூபாய் வித்தியாசம் ஒரு தொழிலாளி வீட்டில் சின்னத் தொகையா?

‘தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை எப்போது வேண்டுமானாலும் காரணமின்றி அனுப்பலாம்’ என்பது இரண்டாவது. வேலை திருப்தியில்லை என்று எளிமையாக விடுவிப்பது வேறு. ஒரு குற்றச்சாட்டை மனத்தில் வைத்து, விசாரணை நடத்தாமல், அதையே அடிப்படையாகக் கொண்டு விலக்குவது வேறு. தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டு வெறும் உந்துதலா, ஆணையின் அடித்தளமா என்று பார்க்கச் சொன்னது. கேள்வித்தாளில் ‘திருட்டுச் சந்தேகம் எழுந்த மறுநாள்’ என்று ஒரு சொற்றொடர் இருந்தால், அதை ஒட்டித்தான் விடை நகர வேண்டும்.

மூன்றாவது, ‘ராஜினாமாக் கடிதம் கையில் இருந்தால் பிரச்சினை இல்லை’ என்பது. தன் விருப்பத்தோடு எழுதிக் கொடுத்தால்தான் அது ராஜினாமா. அறையைச் சாத்திவிட்டு எழுதி வாங்கியது, வேலையில் சேரும்போதே தேதி போடாமல் கையெழுத்து வாங்கி வைத்தது எல்லாம் நீதிமன்றத்தில் பணிநீக்கமாகவே பார்க்கப்படக்கூடும். குறுக்கு விசாரணையில் முதலில் வரும் கேள்வியே, இந்தத் தேதியும் கையெழுத்தும் ஒரே மையிலா என்பதுதான்.

ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம்

உங்களைத் திகைக்க வைத்த மாதிரிக் கேள்வியை ஒட்டி நானே ஒன்றை அமைக்கிறேன். 60 பேர் வேலை செய்யும் நூற்பாலை. ‘மேற்பார்வையாளர்’ என்ற பதவிப் பெயருடன் ஒருவர், மாதச் சம்பளம் 24,000 ரூபாய். அன்றாடம் அவர் செய்வது இயந்திரத்தை ஓட்டுவதுதான். வருகைப் பதிவேட்டின்படி 11 மாதத்தில் 218 நாள் வேலைக்கு வந்திருக்கிறார். அதே காலத்தில் சம்பளத்துடன் கூடிய வார விடுமுறை 40 நாள். 2025 ஆகஸ்ட் 30 அன்று, ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி, ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவருக்கு என்ன பரிகாரம்?

மனிதவளப் பிரிவுக்காரரின் கண்ணில் இது ஒரு நிமிட வேலை. மேற்பார்வையாளர், சம்பளம் வரம்புக்கு மேல், ஓராண்டுகூட ஆகவில்லை, 240 நாள் இல்லை, நோட்டீஸ் சம்பளம் கொடுத்தாயிற்று, கோப்பை மூடலாம். ஐந்தும் தவறு.

ஆகஸ்ட் 2025 என்பதால் 1947-ஆம் ஆண்டுச் சட்டம். பிரிவு 2(எஸ்) பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, முதன்மையாக என்ன வேலை செய்கிறார் என்று பார்க்கிறது. இயந்திரம் ஓட்டுவது உடலுழைப்பு. அப்படியானால் 10,000 ரூபாய் வரம்பு என்ற பேச்சே எழாது. அந்த வரம்பு உண்மையில் மேற்பார்வைப் பணியில் இருப்பவருக்கு மட்டும். மாணவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வரம்பை முதலில் பார்த்துவிட்டு, வேலையை அப்புறம் பார்க்கிறார்கள்.

நூற்பாலை ஒரு ‘தொழில்’ என்பதில் ஐயமில்லை. அதற்கு ஒரு வரி போதும். எது ‘தொழில்’ என்று அறியப் பெங்களூர் குடிநீர் வழங்கல் வழக்கு தந்த மும்முனைச் சோதனையை இரண்டு பக்கம் எழுதுவது வீண். அது 1978-இல் ஏழு நீதிபதிகள் தந்த பெரிய தீர்ப்பு, படித்து வையுங்கள். மருத்துவமனை, கல்லூரி, அறக்கட்டளை என்று வந்தால் அப்போது எடுங்கள்.

அடுத்தது தொடர்ச்சியான பணி. பிரிவு 25-பி-யின்படி, முந்தைய 12 மாதத்தில் 240 நாள் இருந்தால் ஓராண்டு தொடர்ச்சியாகப் பணியாற்றியதாகக் கருதப்படும். வேலையில் சேர்ந்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டியதில்லை என்று சுரேந்திர குமார் வர்மா வழக்கு 1980-இல் தெளிவாக்கியது. சம்பளத்துடன் கூடிய ஞாயிறும் விடுமுறையும் அந்த 240-இல் சேரும் என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கு 1985-இல் சொன்னது. ஆக 218-உம் 40-உம் சேர்ந்து 258. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த 40 கண்ணில் படாது. இந்த நாள்களை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலில் தொழிலாளியுடையது என்ற 2002-ஆம் ஆண்டு ஹதிமணி வழக்கையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால், எதிர்த்தரப்பையும் யோசித்திருக்கிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

இது ஆட்குறைப்பா? தண்டனையாக அல்லாமல் எந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கினாலும் ஆட்குறைப்பு என்பது சுந்தரமணி வழக்கில் 1976-இல் சொல்லப்பட்டு, 1990-இல் பஞ்சாப் நில மேம்பாட்டுக் கழக வழக்கில் அரசியல் சாசன அமர்வால் உறுதியானது. 100 பேருக்குக் கீழ் என்பதால் முன் அனுமதி தேவையில்லை, பிரிவு 25-எஃப் போதும். அது கேட்பது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம், அரசுக்கு அறிவிப்பு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியும் ஓராண்டாகும் என்பதால் இவருக்கு 15 நாள் ஊதியம் உண்டு. அது தரப்படவில்லை. நீக்கும்போதே தர வேண்டியதைத் தராவிட்டால் ஆட்குறைப்பு செல்லாது என்று 1960-இலேயே மருத்துவமனைத் தொழிலாளர் சபை வழக்கில் தீர்ந்த விஷயம் இது.

பரிகாரத்தில் அவசரப்பட்டு ‘முழுச் சம்பளத்துடன் மீண்டும் வேலை’ என்று முடித்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் அதுதான் இயல்பான விடை. பின்னால் வந்த தீர்ப்புகளில், குறிப்பாக 2013-இல் வந்த புருமல் வழக்கில், நடைமுறைக் குறைக்காக மட்டும் ஆட்குறைப்பு செல்லாமல் போகும்போது தினக்கூலிகளுக்கு இழப்பீடே போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டின் தீபாலி குண்டு வழக்கோ, தவறான பணிநீக்கத்தில் பின்சம்பளம் (வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம்) தருவதே வழக்கமான விதி என்கிறது. இரண்டையும் வைத்து, இவர் தினக்கூலி அல்ல, மாதச் சம்பளக்காரர் என்று வாதிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள். கடைசியாக, முன்பு சொன்ன 45 நாள், மூன்றாண்டுக் கெடு பற்றிய பிரிவு 2-ஏ-யின்படி எங்கே, எப்போது போவது என்பது. இதே சம்பவம் 2026-இல் நடந்திருந்தால் என்ன மாறும் என்று மூன்று வரி சேர்த்தால் போதும்.

இந்த விடையில் புத்தகத்தைப் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு மூன்றுதான் என்பதைக் கவனித்தீர்களா?

தேர்வு மேசையில் என்ன இருக்க வேண்டும்

புத்தகத்தையும் முப்பது பிடிஎஃப் கோப்புகளையும் விரித்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஐந்து கேள்வி, 180 நிமிடம். கேள்விக்கு 32 நிமிடம் என்றால் மிச்சம் 20 நிமிடம். தேடுவதற்கு நேரமே கிடையாது. நீங்களே கைப்பட எழுதிய நான்கு தாள்கள் போதும். பழையதும் புதியதுமான எண்கள் ஒன்றில். ‘தொழிலாளர்’, ‘தொழில்’, ‘ஊதியம்’ போன்ற வரையறைகளும் விதிவிலக்குகளும் இரண்டாவதில். வழக்குகள் மூன்றாவதில், ஒவ்வொன்றுக்கும் நடந்தது ஒரு வரி, தீர்ப்பு ஒரு வரி. எந்தக் குறைக்கு எந்த அதிகாரி, எத்தனை நாள் கெடு என்பது நான்காவதில். அந்தத் தாள்களை எழுதும் உழைப்பே பாதிப் படிப்பு. இன்னொருவர் எழுதியதை நகலெடுத்து வாங்கினால் அந்தப் பாதி போய்விடும். சட்டத்தின் மூல வாசகத்தை ஒரு பிரதி வைத்துக்கொண்டு, முக்கியப் பிரிவுகளில் வண்ணச் சீட்டு ஒட்டுங்கள்.

வழக்குப் பெயரைக் கணினியில் தட்டித் தேடினால் கிடைத்துவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். ‘உமாதேவி’ என்று தேடினால் இரண்டு வரும். 2006-இல் வந்தது கர்நாடக அரசு தொடர்பானது, தற்காலிகப் பணியாளரை நிரந்தரமாக்குவது பற்றிய அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு. 2025 மே மாதம் வந்தது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருடையது, இரண்டாம் திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு பற்றியது. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினால் விடையே கேலிக்கூத்தாகிவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் இல்லாத வழக்கையும் இருப்பதுபோல் சொல்லும். நியூயார்க்கில் 2023-இல் அப்படிப்பட்ட வழக்குகளை நம்பி மனு போட்ட வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

கடைசி இரண்டு ஞாயிறுகளில் முழுத் தேர்வையும் அதே நேரத்தில், அதே மேசையில், படமெடுத்துப் பதிவேற்றும் வரை எழுதிப் பாருங்கள். மூன்று மணி நேரம் தொடர்ந்து கையால் எழுதும் பழக்கம் நம்மில் யாருக்கும் இப்போது இல்லை, கை வலிக்கும். ஒவ்வொரு தாளிலும் பதிவு எண்ணையும் பக்க எண்ணையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடைப் பட்டியலில் உங்கள் பகுதி அந்தத் தேதியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கு மட்டும் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. இடையில் இணைப்பு அறுந்தால் திரையைக் கைபேசியில் படமெடுத்து, நேரத்தைக் குறித்து, தேர்வு நேரம் முடிவதற்குள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மறுநாள் அனுப்பும் புகாருக்கு அந்த மதிப்பு இருக்காது.

வாட்ஸ்அப் குழுவும் தோழியின் தம்பியும்

2024-ஆம் ஆண்டின் பொதுத் தேர்வு முறைகேடுகள் தடுப்புச் சட்டத்தில் சிறை என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சட்டம் மத்தியப் பணியாளர் தேர்வாணையம், ரயில்வே தேர்வு வாரியங்கள், தேசியத் தேர்வு முகமை போன்ற பட்டியலிட்ட அமைப்புகளின் தேர்வுகளுக்கானது. முறைகேட்டை நடத்தும் கும்பல்கள்தான் அதன் இலக்கு. உங்கள் பட்டயத் தேர்வுக்கு அது பொருந்தாது.

அதற்காக நிம்மதியடைய வேண்டாம். புத்தகம் பார்க்க அனுமதி என்பது இன்னொருவரைக் கேட்க அனுமதி ஆகாது. தேர்வு நேரத்தில் குழுவில் விடை பரிமாறுவது பல்கலைக்கழக விதிகளின்படி ஒழுங்கீனம். தாள் ரத்தாகலாம், அடுத்த பருவங்களுக்குத் தடை வரலாம். நீங்கள் ஒரு வரிகூட எடுக்காமல் குழுவில் உறுப்பினராக இருந்தாலே விளக்கம் சொல்லும் நிலை வரும். இன்றே விலகிவிடுங்கள். தோழியின் தம்பி விஷயம் இன்னும் மோசம். ஆள் மாறாட்டம் என்ற எல்லையை நெருங்குகிறது. உங்கள் பெயரில் உள்நுழைந்து வேறொருவர் எழுதினால், கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 66-டி-யைப் புகாரில் சேர்க்க இடமுண்டு. மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தத் தம்பிக்கு வழக்கறிஞர் தொழிலே போகலாம். அவருக்கும் சேர்த்து நீங்கள் மறுத்துவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் அவரிடம் சந்தேகம் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

அலுவலகப் புகாரை எடுத்துக்காட்டாக எழுத வேண்டாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 16, புகாரின் உள்ளடக்கத்தையும், புகாரளித்தவர், குற்றம்சாட்டப்பட்டவர், சாட்சிகளின் அடையாளத்தையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. பெயரை மறைத்தாலும் ‘எங்கள் நிறுவனத்தில், கணக்குப் பிரிவில்’ என்று எழுதினால் ஆள் தெரிந்துவிடும். இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் நீங்களே பொறுப்பு வகிப்பவராக இருந்தால் பிரிவு 17-இன்படி தண்டனைக்கும் இடமுண்டு. பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கு 1997-லிருந்து எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கிறது, அது போதும்.

விடுப்பு

தனியார் நிறுவனத்தில் தேர்வு விடுப்பு என்ற தனி உரிமை சட்டத்தில் இல்லை. மேலாளர் சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனால் நீங்கள் அலுவலகத்தில் பணியாற்றுவதால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைப் பாருங்கள். பிரிவு 25, ஆண்டுக்கு 12 நாள் வரை ‘நியாயமான எந்தக் காரணத்துக்கும்’ சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு தருகிறது. முன்பே தேதி அறிவிக்கப்பட்ட தேர்வு நியாயமான காரணம்தான். அதே சட்டத்தின் பிரிவு 4, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு அளிக்கிறது. நீங்கள் அந்த வகையா? நூற்பாலை மேற்பார்வையாளரிடம் கேட்ட கேள்விதான் இது. பதவிப் பெயரை விட்டுவிட்டு, ஆள் எடுக்கவும் நீக்கவும் தண்டிக்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டா, மேலே இருப்பவர் முடிவு செய்ததைக் கடிதமாக்கி அனுப்புவதுதான் வேலையா என்று பாருங்கள். கடிதத்தைப் படித்தால் இரண்டாவது என்றே தோன்றுகிறது.

சட்டத்தைக் காட்டி மேலாளரிடம் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. வாய்மொழியாகக் கேட்டதைத்தான் அவர் வாய்மொழியாக மறுத்திருக்கிறார். தேர்வுக்குப் பத்து நாள் முன்னதாகவே எழுத்தில் விண்ணப்பியுங்கள். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று மழுப்பாமல் தேர்வு என்றே எழுதி, ஹால் டிக்கெட்டின் நகலை இணையுங்கள். அன்றைய வேலையை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் ஒரு வரி சேருங்கள். மறுத்தால் அதையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதி மறுக்க வேண்டும் என்றதும் பெரும்பாலான மேலாளர்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.